விளையாட்டு விசைப்பலகை: விளம்பரமும் உண்மையும்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஒரு நாள், செய்முறை வகுப்பு முடிந்து மாணவர்கள் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் தயங்கி நின்றார். கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "சார், இதை வாங்கலாமா?" என்று கேட்டார். கணிப்பொறி விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட விசைப்பலகை அது. விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். பொத்தான்களுக்கு அடியில் வானவில் நிறங்களில் விளக்குகள். பக்கத்தில் "8,000 ஹெர்ட்சு", "10 கோடி அழுத்தங்கள்", "0.1 மி.மீ." என்று கொட்டை எழுத்தில் எண்கள்.

இந்த மாணவரின் வீடு, கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையின் அருகிலுள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. தந்தை அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. மாணவர் மாலை நேரங்களில் ஓர் அச்சகத்துக்குத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்து ஆறாயிரம் ரூபாய் சேர்த்திருந்தார். மீதியைக் கடன் வாங்குவதாக உத்தேசம். இரவில் தம்பியுடன் விளையாட்டு, மாலையில் தட்டச்சு வேலை. இரண்டுக்கும் இந்த ஒரு பலகைதான்.

"எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அன்று நான் பார்த்தவற்றை வாசகர்களாகிய உங்கள் முன்னும் வைக்கிறேன். இத்தகைய பலகை வாங்க எண்ணும் எவருக்கும் இவை பயன்படலாம்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'விசை' என்றால் பலகையில் அமுக்குவதும் அதுதான், இயற்பியலில் நியூட்டனில் அளப்பதும் அதுதான். குழப்பம் நேராதிருக்க, இங்கே அமுக்குவதைப் 'பொத்தான்' என்றும், அளப்பதை மட்டும் 'விசை' என்றும் குறிப்பிடுகிறேன்.

பொத்தானுக்கு அடியில்

ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணப் பலகையைத் திறந்தால், எல்லாப் பொத்தான்களுக்கும் பொதுவாக ஒரே ரப்பர் விரிப்பைக் காணலாம். அதில் பொத்தானுக்கு ஒன்றாகச் சிறு குமிழ்கள் இருக்கும். அமுக்கினால் குமிழ் மடிந்து, அடியிலுள்ள இரண்டு நெகிழித் தாள்களை ஒன்றோடொன்று தொடச் செய்யும், மின்சுற்று இணையும். செலவு குறைந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாளடைவில் ரப்பர் தளரும். பெரும்பாலும் குமிழ் முற்றிலும் மடிந்த பிறகே எழுத்து பதிவதால், ஒவ்வொரு முறையும் அடிவரை அமுக்கியாக வேண்டும்.

இயந்திர விசைப்பலகையிலோ ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனிச் சுவிட்சு உண்டு. ஒரு தண்டு, ஒரு சுருள்வில், இரண்டு உலோகத் தகடுகள், அவ்வளவே. தண்டு கீழிறங்கும்போது தகடுகள் தொடுகின்றன. விரலை எடுத்தால் சுருள்வில் தண்டை மேலே தள்ளுகிறது. இது புதுமையன்று. 1981இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியின் பலகையிலும் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சுருள்வில் இருந்தது. செர்ரி நிறுவனத்தின் 'எம்.எக்ஸ்.' வகைச் சுவிட்சுகளும் 1980களில் தோன்றியவையே. பின்னர் மலிவான ரப்பர் பலகைகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. பழைய முறையை மீண்டும் கொண்டுவந்தவர்கள் கணிப்பொறி விளையாட்டுக்காரர்கள். செர்ரியின் காப்புரிமை முடிந்தபின் சீன நிறுவனங்கள் பல அதே வடிவில் சுவிட்சுகளைச் செய்யத் தொடங்கின, விலை இறங்கியது. ஆகவே இன்று ஒரு மாணவர் இதைப் பற்றி யோசிக்க முடிகிறது.

இச்சுவிட்சுகளுக்கு நிறத்தால் பெயர் சொல்வது வழக்கம். சிவப்பு, தடையின்றி ஒரே சீராக இறங்கும். பழுப்பு, நடுவழியில் ஒரு சிறு மேட்டை விரலுக்கு உணர்த்தும். நீலம், அம்மேட்டோடு 'டிக்' என்று ஒலியும் எழுப்பும். செர்ரி சிவப்புச் சுவிட்சு அடிவரை 4 மி.மீ. இறங்கும், ஆனால் 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிந்துவிடும். அந்த இடத்தில் தேவைப்படும் விசை சுமார் 45 கிராம் எடைக்குச் சமம்.

விரல் செய்யும் வேலை

இதிலிருந்து ஒரு கணக்குப் போடலாம். அடிவரை அமுக்கும்போது சராசரி விசையை அரை நியூட்டன் என்று கொள்வோம். தூரம் 4 மி.மீ. வேலை, விசையையும் தூரத்தையும் பெருக்கக் கிடைப்பது, அதாவது 0.002 ஜூல். நிமிடத்துக்கு 200 பொத்தான் வீதம் அடித்தால் ஒரு மணிக்கு 12,000 அழுத்தம். மொத்தம் 24 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஆகும் வேலை அது. ஒரு மணி நேரத் தட்டச்சுக்கு இவ்வளவுதான்!

அப்படியானால் கை ஏன் வலிக்கிறது? மணிக்கட்டை மேல்நோக்கி மடித்தபடியே வைத்திருப்பதாலும், தோள் அசையாதிருப்பதாலும், ஒரே அசைவு பல்லாயிரம் முறை திரும்ப வருவதாலும்தான் வலிக்கிறது. "எங்கள் சுவிட்சு மென்மையானது, கை வலிக்காது" என்னும் விளம்பரத்தை இக்கணக்கோடு வைத்துப் பாருங்கள். மென்மை உதவும், ஆனால் நாற்காலியின் உயரம் அதைவிட அதிகம் உதவும். இயந்திரப் பலகைகள் பொதுவாகச் சாதாரணப் பலகையைவிட உயரமானவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. மணிக்கட்டுக்கு அடியில் நான்காக மடித்த துண்டு ஒன்றை வைத்தாலே உயரம் சரியாகிவிடும். அதற்கெனத் தனி மெத்தை வாங்க வேண்டியதில்லை.

எண்ணாயிரம் ஹெர்ட்சு

அடுத்து, விளம்பரத்தின் பெரிய எழுத்து. பலகை கணிப்பொறிக்கு ஒரு வினாடியில் எத்தனை முறை செய்தி அனுப்புகிறது என்பதே இந்த ஹெர்ட்சு எண். சாதாரணப் பலகை பெரும்பாலும் 125 முறை அனுப்பும். அதாவது 8 மில்லிவினாடிக்கு ஒரு முறை. 1,000 என்றால் ஒரு மில்லிவினாடி. 8,000 என்றால் 0.125 மில்லிவினாடி.

ஆயிரத்திலிருந்து எண்ணாயிரத்துக்குப் போவதால் மிச்சமாகும் காலம், அதிகபட்சம் 0.875 மில்லிவினாடி. இது எவ்வளவு காலம்? காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடியில் 34 செ.மீ. செல்லும். பலகைக்கும் உங்கள் காதுக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால், பொத்தானின் 'டிக்' ஒலி உங்களை வந்தடையவே ஏறக்குறைய 2 மில்லிவினாடி ஆகும். திரையில் ஒன்றைக் கண்டு மனிதர் விரலை அசைக்க ஆகும் காலம் சுமார் 200 மில்லிவினாடி. வினாடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16 மில்லிவினாடிக்கு மேல். இவற்றுக்கு நடுவே முக்கால் மில்லிவினாடியைத் தேடிப் பணம் கொடுப்பது, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தை மறந்துவிட்டு, பயணச்சீட்டைக் கிழிக்கும் நேரத்தைக் குறைப்பது போன்றது.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பரிசுப் பணத்துக்காகப் போட்டியிடுபவர்கள், விரைவான திரையும் விரைவான கணிப்பொறியும் ஏற்கெனவே வைத்திருந்தால், இந்தச் சிறு துளிகளையும் சேர்த்துக்கொள்வதில் பொருளுண்டு. நம் மாணவரின் திரை பழையது. அவருக்கு 125க்கும் 1,000க்கும் உள்ள வேறுபாடே போதும். அந்த 1,000, இப்போது இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்ப் பலகைகளிலும் கிடைக்கிறது.

அவருக்கு உண்மையில் தேவைப்பட்டதோ விளம்பரத்தின் மூலையில் சிற்றெழுத்தில் இருந்தது. தம்பியும் அவரும் ஒரே பலகையில் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து ஆடுகிறார்கள். ஒரே நேரத்தில் ஆறேழு பொத்தான்கள் அமுங்கும். பலகைக்குள் மின்கம்பிகள் நெடுக்கும் குறுக்குமாகச் சதுரங்கக் கட்டம்போல் ஓடுகின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள பொத்தான்களை ஒருசேர அமுக்கினால், மின்னோட்டம் சுற்றுவழியாகச் சென்று, அமுக்காத நான்காவதும் அமுங்கியதுபோல் தோன்றும். மலிவுப் பலகைகள் இக்குழப்பத்தைத் தவிர்க்க மூன்றாவது பொத்தானையே ஏற்க மறுத்துவிடும். ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு டையோடு சேர்த்தால் மின்னோட்டம் ஒரே திசையில்தான் செல்லும், சிக்கல் தீரும். இயற்பியல் பாடநூலில் நீங்கள் படித்த அதே டையோடுதான். வாங்கும்போது, "எல்லாப் பொத்தான்களையும் ஒருங்கே ஏற்குமா?" என்று கேளுங்கள்.

பத்துக் கோடி அழுத்தங்கள்

"10 கோடி அழுத்தங்கள் தாங்கும்" என்பது மூன்றாவது எண். 5 கோடி என்று அடக்கமாகச் சொல்லும் பலகைகளும் உண்டு. சிறிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் நான்கு மணி நேரம் அடித்தால் 48,000 அழுத்தம். அதிகம் அடிபடும் பொத்தானுக்கு அதில் பத்திலொரு பங்கு வருவதாகக் கொண்டால் 4,800. ஐந்து கோடியை இதனால் வகுத்தால் 10,400 நாள். அதாவது 28 ஆண்டுக்கு மேல். பத்துக் கோடி என்றால் 57 ஆண்டு! பேரப்பிள்ளைக்கும் பலகையை விட்டுச் செல்லலாம்.

ஆனால் நான் வாங்கிய பலகை ஒன்று இரண்டே ஆண்டில் கெட்டது. 'ன' பொத்தானை ஒருமுறை அடித்தால் இருமுறை விழத் தொடங்கியது. சுவிட்சைத் திறந்து உருப்பெருக்கியில் பார்த்தேன். சுருள்வில் புதிதுபோல் இருந்தது. தகடுகள் தொடும் இடத்தில் மட்டும் கருமையாக ஒரு படலம்.

இங்கேதான் விளம்பரத்தின் மௌனத்தைக் கவனிக்க வேண்டும். பத்துக் கோடி என்பது, தூய காற்றுள்ள ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் ஒன்று இடைவிடாமல் அமுக்கிப் பெற்ற எண். நாம் வாழும் இடத்தின் காற்று அக்கணக்கில் இல்லை. கடலூரிலோ கடற்காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. தொழிற்பேட்டை ஓரத்தில் அதோடு வேறு வாயுக்களும் சேரலாம். 2004ஆம் ஆண்டில் சிப்காட்டை ஒட்டிய ஊர்களின் மக்களே காற்றைப் பைகளில் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். முடிவில் வந்த நச்சுப் பொருள்களின் பட்டியலில் ஹைட்ரஜன் சல்பைடும் இருந்தது. அழுகிய முட்டை நாற்றம் தரும் வாயு அது. வெள்ளியோடு சேர்ந்தால் கறுப்பான வெள்ளி சல்பைடைத் தரும். தாமிரத்தையும் கறுக்கச் செய்யும். தங்கத்தை மட்டும் அது எளிதில் தீண்டாது. நல்ல சுவிட்சுகளில் தொடுமுனைக்குத் தங்கம் பயன்படுத்துவது பகட்டுக்காக அன்று, இதற்காகத்தான்.

மின்னணுத் தொழிலில் இதற்கென ஓர் அளவுமுறையே உண்டு. கட்டுப்பாட்டு அறையில் ஒரு தாமிரத் தகட்டை 30 நாள் தொங்கவிட்டு, அதன்மேல் படியும் படலத்தின் தடிப்பை அளப்பார்கள். 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவு என்றால் காற்று சாதுவானது. 2,000ஐத் தாண்டினால் மிகக் கடுமையானது, கருவிகளை அங்கே வைக்கக் கூடாது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய படலம் ஒரு பெரிய இயந்திரத்தை நிறுத்திவிடும் என்றால், நம் பொத்தான் எம்மாத்திரம்?

இதை அந்த மாணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சற்று யோசித்து, "சார், எங்க அம்மாவோட வெள்ளிக் கொலுசு மாசத்துக்கு ஒரு தடவை கறுத்துப்போகுது. புளி போட்டுத் தேய்க்கிறாங்க. அதுவும் இதுதானா?" என்று கேட்டார். வியர்வையாலும் கொலுசு கறுக்கும். ஒரு கொலுசை வைத்து ஊர்க்காற்றைத் தீர்ப்பிட முடியாது. என் பலகை கெட்டதற்கும் உப்பு காரணமா, வாயு காரணமா என்று ஒரு சுவிட்சைப் பார்த்து நான் சொல்லிவிட முடியாது. ஆயினும் அவர் கேட்டது சரியான கேள்வி.

காந்தம் தீர்வாகுமா?

விளம்பரத்தில் நான்காவதாக இருந்த "0.1 மி.மீ." காந்தச் சுவிட்சுக்கு உரியது. மின்னோட்டம் பாயும் கடத்திக்குக் குறுக்கே காந்தப்புலம் வந்தால், பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்தார். சுவிட்சின் தண்டில் ஒரு சிறு காந்தம். பலகையில் ஓர் ஹால் உணர்வி. தண்டு இறங்க இறங்கப் புலம் வலுக்கிறது. எவ்வளவு இறங்கியது என்பதையே உணர்வி சொல்லிவிடும். எந்த இடத்தில் எழுத்து பதிய வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். தொடும் உலோகம் இல்லாததால் சுவிட்சில் கறுக்கவும் ஒன்றுமில்லை. உண்மையிலேயே அழகான ஏற்பாடு.

ஆனால் 0.1 மி.மீ.இல் வைத்துவிட்டுத் தட்டச்சு செய்து பாருங்கள். பொத்தான்மேல் விரல் வெறுமனே தங்கினாலே எழுத்து விழும். கட்டுரை முழுதும் பிழை மலியும். விளையாட்டுக்கு ஒரு ஆழம், எழுத்துக்கு ஒரு ஆழம் என மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். மேலும், சுவிட்சில் தொடுமுனை இல்லையென்றாலும் மின்சுற்றுப் பலகையிலும் யூ.எஸ்.பி. முனையிலும் உலோகம் இருக்கத்தான் செய்கிறது. அவை கெட்டால் ஒன்பதாயிரமும் ஒருசேரப் போகும்.

பழகும் காலம்

எந்தப் பலகையானாலும் கை பழக வேண்டும். பள்ளி நாள்களில் நான் சிதம்பரத்தில் தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் இயந்திரத்தில் பயின்றவன். அங்கே எழுத்து அச்சு நாடாவில் போய் மோத வேண்டும். ஓங்கி அடித்தால்தான் பதியும். அந்தக் கையோடு இயந்திர விசைப்பலகைக்கு வந்தபோது ஒவ்வொரு பொத்தானையும் அடிவரை குத்தினேன். சத்தமும் வலியும்தான் மிச்சம். பாதி வழியில் எழுத்து பதிந்துவிடுகிறது என்பதை மூளை அறியும். விரல் அறிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நாளுக்கு இருபது நிமிடம், வேகத்தை மறந்து, மெல்ல அடித்துப் பழகுவதே வழி. முதல் வாரம் பிழை கூடும், அஞ்ச வேண்டாம்.

தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். ஒன்பதாயிரம் ரூபாய்ப் பலகையிலும் தமிழெழுத்துப் பொறித்திருக்காது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே அழுத்தம். புள்ளியைத் தேடி விரல் அலைய வேண்டியதில்லை. விலையுயர்ந்த சுவிட்சு ஓர் அழுத்தத்தில் மிச்சப்படுத்தும் மில்லிவினாடிகளைவிட, ஓர் அழுத்தமே இல்லாமற் போவதால் வரும் மிச்சம் பன்மடங்கு பெரிது. அதற்கு விலையும் இல்லை. ஒரு மாதப் பயிற்சி போதும்.

எதைத் தேர்ந்தார்?

எல்லாவற்றையும் கேட்டபின் மாணவர் கடன் வாங்கவில்லை. மூவாயிரம் ரூபாய் அளவில் ஓர் இயந்திரப் பலகையை எடுத்தார். அதைத் தேர்ந்ததற்கு மூன்று காரணங்கள். ஒன்று, எல்லாப் பொத்தான்களுக்கும் டையோடு உண்டு. இரண்டு, ஒலி குறைந்த சிவப்பு வகைச் சுவிட்சு. இரவு வேலை முடித்து வரும் தந்தை காலையில் உறங்குவது அதே அறையில். நீலச் சுவிட்சு அந்த வீட்டுக்கு ஆகாது. மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் பட்டது: சுவிட்சுகள் பற்றாசு வைத்து ஒட்டப்படவில்லை. சிறு இடுக்கியால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். ஒரு சுவிட்சு கறுத்தால் சில பத்து ரூபாயில் முடிந்துவிடும்.

வாசகர்களே, விளம்பரம் சொல்லும் எண்களைவிட, கெட்டால் திறந்து சரிசெய்ய முடியுமா என்னும் கேள்வியே நம் போன்றோருக்கு முதல் அளவுகோல். வானவில் விளக்கு அதற்கு விடையாகாது.

பலகை வந்த பிறகு மாணவர் இன்னொன்றும் கேட்டார்: "சுவிட்சை மாத்திக்கலாம், சார். மூச்சு விடுறவங்க?" அதற்கு நான் வகுப்பறை விடை எதுவும் சொல்லவில்லை. ஆய்வகத்திலிருந்து இரண்டு தாமிரத் தகடுகளை எடுத்து உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கைபடாமல் கொடுத்தேன். ஒன்றை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் வைக்க வேண்டும். மற்றொன்றை வீட்டுச் சன்னலருகே நூலில் தொங்கவிட வேண்டும். முப்பது நாள் கழித்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எந்த வாயு என்பதை இச்சோதனை சொல்லாது. உப்பும் ஈரமும்கூடத் தகட்டைக் கறுக்கச் செய்யும். ஆனால் காற்றில் ஏதோ இருக்கிறதா என்று முறையாகக் கேட்கத் தொடங்குவதற்கு இது போதும். அதன்பின் கேள்வியை உரிய ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம்.

இதை எழுதும்போது அந்தத் தகடு அவர் வீட்டுச் சன்னலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு நாள் ஆகிறது. உங்கள் ஊரில், உங்கள் வீட்டுச் சன்னலிலும் ஒன்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.